பேராதனையில் ஒன்றரை வருஷம்

ரொறொன்ரோவின் அஜின்கோர்ட்டில் தியாகலிங்கத்தை எல்லாரும் ‘இஞ்சினியர் அண்ணை’ என்றுதான் கூப்பிடுவார்கள். கார்க் கதவுக்கு ரப்பர் விளிம்பு வார்க்கும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷமாக மெஷின் ஓட்டுகிறவருக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கதை எல்லாருக்கும் தெரியும். மனிதர் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியலுக்கு எடுபட்டவர். ஒன்றரை வருஷம் படித்தார். பிறகு நாடு குழம்பியது, கம்பஸை மூடினார்கள், அவர் இங்கே வந்துவிட்டார். முடித்திருந்தால் எங்கேயோ போயிருப்பார். படித்து முடித்தவனைச் சனம் வேலைக்குப் போகிற இன்னோர் ஆளாகத்தான் பார்க்கும். முடிக்காமல் விட்டவனைப் பார்த்துத்தான், இவன் என்னவாக வந்திருக்க வேண்டியவன் என்று பெருமூச்சு விடும். அந்தப் பெருமூச்சைத் தியாகலிங்கம் முப்பத்தேழு வருஷமாக அனுபவித்து வந்தார்.

பிறந்தநாள், பிள்ளை பெரிதான சாமத்தியவீடு, செத்தவீட்டு அந்தியேட்டி எதுவென்றாலும் சாப்பாடு முடிந்து ஒரு பிளேன்ரீ வந்ததும் யாராவது தொடங்குவார்கள்.

“அண்ணை, அந்த ராகிங் கதையை ஒருக்காச் சொல்லுங்கோவன்.”

அவரும் சொல்லுவார். சீனியர்மார் மகாவலிப் பாலத்தில் நிறுத்தி, போகிற வருகிற லொறிக்கெல்லாம் சல்யூட் அடிக்க வைத்தது. ஒரு லொறிக்காரன் இரக்கப்பட்டு நிறுத்தி, இறங்கி வந்து ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தது. அந்தப் பழத்தையும் சீனியர்மார் பறித்துத் தின்றது. அவர் எழும்பி நின்று சல்யூட் அடித்துக் காட்டும்போது சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்.

கதையில் லொறி உண்மை, வாழைப்பழம் உண்மை. பாலத்தில் நின்றவர்தான் தியாகலிங்கம் இல்லை. அவர் பேராதனையில் ஒரு நாள்கூடப் படித்ததில்லை.

உயர்தரச் சோதனையை அவர் யாழ்ப்பாணத்தில் மூன்று தரம் எழுதினார். முதல் தரம் கெமிஸ்ட்ரி காலை வாரியது. இரண்டாம் தரம் யாழ்ப்பாண மாவட்டத்து வெட்டுப்புள்ளிக்கு ஒன்பது புள்ளி குறைந்தது. அதே வருஷம், டியூஷனுக்கென்று வந்து அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த இக்னேசியஸ், அவரைவிட இருபத்துமூன்று புள்ளி குறைய எடுத்துப் பேராதனைக்குப் போனார். இக்னேசியஸ் மன்னார்க்காரர். பள்ளிக்கூட வசதி குறைந்த மாவட்டம் என்று மன்னாருக்கு வெட்டுப்புள்ளியைக் கீழே வைத்திருந்தார்கள். மூன்றாம் தரம் தியாகலிங்கம் ஆத்திரத்தோடு போய் எழுதினார். ஆத்திரத்தோடு கெமிஸ்ட்ரி எழுதினால் என்ன வருமோ அதுதான் வந்தது.

அந்தச் சோதனையின் மறுமொழி வந்தபோது அவர் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார். இன்றைக்கு அனுப்புகிறேன், நாளைக்கு அனுப்புகிறேன் என்று, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் ஒன்றரை வருஷம் இழுத்தடித்தான். ஊரில் கேட்கிறவர்களுக்கு அம்மா ஏதாவது சொல்லியாக வேண்டும். மகன் லொட்ஜில் சும்மா படுத்துக் கிடக்கிறான் என்று எந்தத் தாய் சொல்லுவாள்? பேராதனையில் படிக்கிறான் என்றாள். கடிதத்தில் அதை வாசித்தபோது தியாகலிங்கத்துக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு கனடாவுக்கு வந்தார், கலியாணம் பேசினார்கள், அந்த ஒன்றரை வருஷம் சம்பந்தக் கடிதத்தில் ஏறியது. கலியாணப் பெண்ணாகக் கமலாம்பிகை ரொறொன்ரோவில் வந்து இறங்கியபோது அதையும் நம்பிக்கொண்டு வந்து இறங்கினாள். அதற்குப் பிறகு இல்லையென்று சொல்ல ஒரு நல்ல நாள் வாய்க்கவில்லை. லொட்ஜுக்கு இக்னேசியஸ் எழுதிய கடிதங்கள் மனப்பாடமாக இருந்தன. பாலமும் லொறியும் அங்கிருந்துதான் வந்தன.

இக்னேசியஸும் கடைசியில் கனடாவுக்குத்தான் வந்து சேர்ந்தார். சோதனையெல்லாம் திரும்ப எழுதி இங்கேயும் இஞ்சினியரானார், விட்பியில் வீடு வாங்கினார். பார்ட்டிகளில் தன்னுடைய கதையைத் தியாகலிங்கம் சொல்லக் கேட்டபடி ஒரு மூலையில் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரே ஒருமுறை மட்டும் கேட்டார்.

“என்ன பழம் மச்சான், கதலியோ?”

“கதலி,” என்றார் தியாகலிங்கம், கண்ணைச் சிமிட்டாமல்.

இக்னேசியஸ் தலையாட்டிவிட்டுப் பேசாமல் இருந்தார். இந்தப் பெருந்தன்மைக்குத் தியாகலிங்கம் செய்த கைம்மாறு என்னவென்றால், இக்னேசியஸின் கார் போன பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் குனிந்து, “அவன் கோட்டாவில போனவன்,” என்று சொல்லுவதுதான்.

கலியாணமாகிப் பத்து வருஷம் காத்திருந்து பிறந்த ஒரே பிள்ளை தனுஷிகா. நேர்சிங் படிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. போன வருஷம் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது கமலாம்பிகைக்குத் தோளில் ஆபரேஷன். பேக்கரியில் பாண் பொதி செய்கிற வேலையை அவள் ஏழு மாதம் விட்டிருந்தாள். வீட்டு மோட்கேஜ் அதற்காகக் காத்திராது என்பதால், தனுஷிகா பள்ளிக்கூடம் விட்டதும் நேரே ஒரு பார்மசியில் வேலைக்குப் போனாள். கெமிஸ்ட்ரிக்கு அறுபத்துநான்கு வந்தது. அந்தப் புள்ளிக்கு நேர்சிங் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடைக்காது.

கமலாம்பிகையின் தமையன் மகன் துஷாந்துக்கும் அதே பாடத்தில் அறுபத்துச் சொச்சம்தான் வந்தது. அவனை ஒரு பிளாசாவின் மேல்மாடியில் இருந்த தனியார் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். காசைக் கட்டி ஐந்து கிழமை போய் வந்தான், தொண்ணூற்றைந்து போட்டுக் கொடுத்தார்கள். இப்போது நினைத்த இடத்தில் படிக்கிறான். தனுஷிகா இன்னொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் நின்றாள். மோர்னிங்சைட்டில் சனிக்கிழமை வகுப்புக்குப் போய்க் கெமிஸ்ட்ரியைத் திரும்பப் படித்தாள். மிச்ச நாளில் பார்மசி.

அறுபத்துநான்கு வந்த அன்று தியாகலிங்கம் மகளிடம் சொன்னதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். “நான் கெமிஸ்ட்ரிக்கு முதல் தரமே ஏ எடுத்தனான்,” என்றார். அவள் பாத்ரூமுக்குள் போய்க் கதவைப் பூட்டி, பைப்பைத் திறந்துவிட்டாள். அரை மணித்தியாலம் தண்ணீர் ஓடியது. அவருக்கு அது கேட்டது.

இனி, பெப்ரவரி மாதத்துப் புதன்கிழமைக்கு வருவோம். இரவுச் சாப்பாட்டு மேசையில் தனுஷிகா லாப்டொப்பைத் திறந்து வைத்துக்கொண்டு இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அரைவருஷப் புள்ளி வந்திருந்தது. கெமிஸ்ட்ரி எண்பத்தொன்பது. ஆனால் அவள் விரும்பிய பல்கலைக்கழகம் இரண்டு தரம் எடுத்த பாடத்துக்கு இரண்டு புள்ளியையும் சேர்த்துச் சராசரி பார்க்கும். அறுபத்துநான்கும் சேர்ந்தால் போச்சு. அதே பல்கலைக்கழகத்தில் இன்னொரு வாசல் இருந்தது. தாய் தகப்பன் பல்கலைக்கழகத்துக்குப் போகாத வீட்டுப் பிள்ளைகளுக்கென்று முப்பது இடம் ஒதுக்கியிருந்தார்கள். அந்த வாசலால் போனால் இரண்டாம் தரப் புள்ளியை மட்டும் எடுப்பார்கள். முதல் தரம் ஏன் குறைந்தது என்று எழுதிக் கொடுத்தால் அதையும் வாசிப்பார்கள்.

“மண்டே கடைசி நாள்,” என்றாள் தனுஷிகா. “ஸ்கூல் மிஸ் எனக்கெண்டே பார்மை அனுப்பினவ. ஆனா நான் எலிஜிபிள் இல்லை. பேரன்ட்ஸில ஆராவது யூனிவர்சிட்டிக்குப் போனவையோ எண்டு கேட்டிருக்கு. முடிக்காட்டியும் அது கணக்குத்தான். சோ, அப்பான்ர ஒண்டரை வருஷம் இருக்கல்லோ. இட்ஸ் ஓகே.”

அவள் குறையாகச் சொல்லவில்லை. சொதியை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

“பாத்தியே, அப்பா படிச்சதும் குற்றமாப் போச்சு,” என்றாள் கமலாம்பிகை.

தியாகலிங்கம் பிய்த்த இடியப்பத்தைத் தட்டிலேயே விட்டார். வாய் மட்டும் பழக்கத்தில் தானாகப் பேசியது. “உதெல்லாம் கோட்டா. உந்தக் கோட்டாதான் எங்கட வாழ்க்கையைப் பாழாக்கினது. இஞ்சையும் தொடங்கிட்டாங்கள்.”

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. இந்தப் பிள்ளைக்கு அந்த முப்பது இடத்தில் ஒன்று நியாயமாகவே உரியது. இடையில் நிற்பது அவர் படிக்காத ஒன்றரை வருஷம்.

இரண்டு நாள் யோசித்தார். வெள்ளிக்கிழமை பின்னேரம், தனுஷிகா வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது, தொலைக்காட்சியைப் பார்த்தபடியே சொன்னார்.

“அந்தப் பார்மில இல்லை எண்டு போடு.”

“எதுக்கு இல்லை?”

“அப்பா கம்பசுக்குப் போகேல்ல எண்டு போடு.”

தனுஷிகா ஒரு காலில் சப்பாத்தோடு நின்றாள். “அப்பா, தட்ஸ் லையிங்.”

“ஆர் பாக்கப்போறான்? உவங்கள் பேராதனைக்குப் போய்த் தேடுவாங்களோ?”

“ஆரும் பாக்காட்டியும் அது வேற ஆரோ பிள்ளையின்ர இடம். அந்தப் பிள்ளையின்ர அப்பா உண்மையாவே போகாதவர்.”

“உனக்கு வேணுமோ, வேண்டாமோ?”

“வேணும்,” என்றாள். குரல் இறங்கியது. “எவ்வளவு வேணும் எண்டு உங்களுக்குத் தெரியாது. ஆனா நீங்கள் என்னைப் பொய் எழுதச் சொல்லுவீங்கள் எண்டு நான் நினைக்கேல்ல.”

அவள் அறைக்குப் போய்விட்டாள். பெற்ற மகளிடம் இந்த விஷயத்தில் தியாகலிங்கம் முதன்முதலாக உண்மையைச் சொல்லியிருக்கிறார், அது பொய்யாகப் போய் விழுந்தது. அவருக்கு அழுகை வரும் போலிருந்தது. சனலை மாற்றினார்.

விண்ணப்பத்தோடு ஒரு கடிதமும் வேண்டும். குடும்பத்தைப் பத்து வருஷத்துக்கு மேல் தெரிந்த வெளியாள் ஒருவர் நிலைமையை உறுதிப்படுத்தி எழுத வேண்டும். அதை நினைத்ததும் தியாகலிங்கத்துக்கு ஒரு வழி பிறந்தது. தன்னுடைய பேச்சை அவள் நம்ப மாட்டாள். இக்னேசியஸ் அங்கிளின் பேச்சை நம்புவாள். கடிதத்தை அவளிடம் கொடுத்துவிட்டால் தான் வாயைத் திறக்காமலே காரியம் முடிந்துவிடும். கோழைத்தனம்தான். ஆனால் முப்பத்தேழு வருஷத்தில் உண்மையின் பக்கம் அவர் எடுத்து வைத்த முதல் அடியும் அதுதான்.

சனிக்கிழமை காலை மகளை மோர்னிங்சைட் வகுப்பில் இறக்கிவிட்டு, அப்படியே கிழக்கே 401 நெடுஞ்சாலையில் ஏறினார். விட்பியில் வீட்டுக்கு வீடு பனியை மதிலளவு குவித்து வைத்திருந்தார்கள். இக்னேசியஸின் மனைவி மக்டலீன் கோயில் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தார். இக்னேசியஸ் தானே தேத்தண்ணி போட்டார்.

தியாகலிங்கம் விண்ணப்பத்தைப் பற்றிச் சொன்னார், முப்பது இடத்தைப் பற்றிச் சொன்னார், திங்கட்கிழமையைப் பற்றிச் சொன்னார். இக்னேசியஸ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கேட்டார்.

“இப்ப நான் என்னத்தை எழுதவேணும்?”

“நான்…” தியாகலிங்கம் தொண்டையைச் செருமினார். “நான் கம்பசுக்குப் போகேல்ல எண்டு.”

‘நான்’ என்று வைத்து வாய்விட்டு அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. கூரை இடிந்து விழவில்லை. இக்னேசியஸ் சீனிப் போத்தலை மூடினார்.

“எழுதுறன். உண்மைதானே. அதுக்கு முதல் எனக்கு ஒண்டு சொல்லு. உன்ர பிள்ளை அந்த முப்பதுக்குள்ள போனா, அவளையும் கோட்டா எண்டு சொல்லுவியோ?”

தியாகலிங்கம் கோப்பையைக் கீழே வைத்தார்.

“நீ எனக்குப் பின்னால சொன்னது எனக்குத் தெரியாது எண்டு நினைச்சனியோ? எங்கட பள்ளிக்கூடத்தில ரெண்டு வருஷம் கெமிஸ்ட்ரிக்கு மாஸ்டர் இல்லை, மச்சான். நான் பியூரெட்டைக் கையால தொட்டதே பேராதனையில. முதல் வருஷம் அதில பிடிச்சு நிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். படிச்சு முடிக்குமட்டும் அங்க கோட்டா எண்டாங்கள். இஞ்ச வந்தா நீ சொல்லுறாய்.” அவர் சத்தம் போடவில்லை. “உனக்கு ஒன்பது புள்ளியால போனது அநியாயம்தான். நான் ஒருநாளும் இல்லை எண்டு சொல்லேல்ல. ஆனா உன்ர ஒன்பது புள்ளியை நான் எடுத்துக்கொண்டு போகேல்ல.”

தியாகலிங்கத்துக்கு வெட்கமாக இருந்தது. தன் மகள் பார்மசிக் கவுண்டரில் நின்றுவிட்டு வந்து புத்தகத்தின் மேல் தூங்கி விழுந்ததை அவர் ஒரு வருஷம் கண்ணால் பார்த்திருந்தார். ஆசிரியர் இல்லாத வகுப்பில் இருந்த ஒரு மன்னார்ப் பெடியனை ஒரு நாளாவது அப்படி நினைத்துப் பார்த்ததில்லை. ஒன்பது என்ற எண்ணை எண்ணி எண்ணியே அவருக்குக் காலம் போய்விட்டது.

“பிறகு ஏன் நீ ஒருத்தருக்கும் சொல்லேல்ல?” என்று கேட்டார்.

“என்னத்தைச் சொல்லுறது? அந்தப் பாலத்துக் கதையை உன்னைப்போல எனக்குச் சொல்ல வராது.” இக்னேசியஸின் வாயோரம் லேசாகச் சிரித்தது. “ஆனா அது கதலி இல்லை. கப்பல் பழம்.”

அவர் உள்ளே போய் இங்கிலிஷில் அரைப்பக்கம் அடித்து, அச்செடுத்து, கையெழுத்து வைத்துக்கொண்டு வந்தார். உறையை ஒட்டாமல் கொடுத்தார்.

“எழுதுறது மட்டும்தான் என்ர வேலை. சொல்லுறது நீ.”

பன்னிரண்டரைக்கு வகுப்பு விட்டது. தனுஷிகா காரில் ஏறி பெல்ட்டை மாட்டியதும் தியாகலிங்கம் ஒன்றும் சொல்லாமல் உறையை நீட்டினார். சொல்லாமலே முடித்துவிடலாம் என்ற எண்ணம் இன்னும் அவரை விட்டுப் போகவில்லை. அவள் வாசித்தாள். மடித்தாள். மீண்டும் விரித்து வாசித்தாள். நிமிர்ந்தபோது கண் நிறைந்திருந்தது.

“இக்னேசியஸ் அங்கிளையும் பொய் சொல்ல வைச்சிட்டீங்களோ?”

தியாகலிங்கம் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கார் இன்னும் பள்ளிக்கூடத்துப் பார்க்கிங்கில்தான் நின்றது. முன்னால் பிள்ளைகள் பனியில் சறுக்கிச் சிரித்துக்கொண்டு போனார்கள்.

“அது பொய் இல்லை, பிள்ளை.”

“எது?”

“கடிதம். மற்றதெல்லாம்தான் பொய்.”

அவளுக்கு விளங்கவில்லை. அவர் சொன்னார். லொட்ஜைச் சொன்னார், ஏஜென்சிக்காரனைச் சொன்னார், தன் அம்மா ஊருக்குச் சொன்ன பதிலைச் சொன்னார். பாலத்தில் சல்யூட் அடித்தது இக்னேசியஸ் என்றார். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லச் சின்னச் சின்ன விஷயங்களாகவே இருந்தன. இவ்வளவுதானா என்று அவருக்கே தோன்றியது.

“சோதனை?” என்று கேட்டாள் தனுஷிகா.

“மூண்டு தரம் எழுதினனான்.”

“கெமிஸ்ட்ரி?”

“முதல் தரம் எஸ், அரும்பொட்டில பாஸ். பிறகு சி. கடைசியா எஃப்.”

“முதல் தரமே ஏ எண்டு சொன்னீங்கள்.”

“ஓம்.”

“அண்டைக்கு நான் பாத்ரூமில…”

“தெரியும். பைப் ஓடினது கேட்டது.”

“கேட்டுக்கொண்டோ இருந்தனீங்கள்?”

“ஓம்.”

தனுஷிகா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பார்க்கிங் காலியாகிவிட்டது.

“இந்த வீட்டில நான் மட்டும்தான் மொக்கு எண்டு நினைச்சிருந்தனான் அப்பா,” என்றாள் கடைசியில். “ஒரு வருஷமா. எனக்கு உங்களில சரியான கோபம்.”

“கோபிக்கத்தான் வேணும்.”

அவள் முகத்தைக் கையுறையால் துடைத்தாள். பிறகு பார்மசியில் வாடிக்கையாளரோடு பேசுவது போன்ற குரலில் கேட்டாள். “அம்மாக்குத் தெரியுமோ?”

“இல்லை.”

“பார்மில அம்மாவும் சைன் பண்ணவேணும்.”

வீட்டுக்குப் போனபோது கமலாம்பிகை குசினியில் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். தோள் இன்னும் முழுதாகச் சரிவரவில்லை, வலது கையை உடம்போடு ஒட்டி வைத்துத்தான் வெட்டுவாள். தியாகலிங்கம் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கழற்றினால் தைரியம் போய்விடும் என்று பயந்து, வாசலோடு நின்றே சொன்னார். காரில் சொன்னதில் பாதி நேரம்தான் எடுத்தது.

கத்தி நின்றது.

“ஒரு நாள்கூடவோ?” என்று கேட்டாள் கமலாம்பிகை.

“ஒரு நாள்கூட இல்லை.”

அவள் கையைக் கழுவித் துடைத்தாள். மேசைக்கு வந்து, எப்போதும் அவருக்குப் பக்கத்தில் இருக்கும் தன் கதிரையில் இருக்காமல், மகளுக்குப் பக்கத்தில் இருந்தாள். “சரி, என்ன எழுதவேணும் எண்டு பார்,” என்றாள்.

தனுஷிகா லாப்டொப்பைத் திறந்தாள். தாய்க்கும் தகப்பனுக்கும் தனித்தனிப் பெட்டி இருந்தது. மேலே படிக்க முடியாமல் போன காரணத்தை அதில் சுருக்கமாக எழுத வேண்டும். முதலில் தகப்பன்.

“சோதனை மூண்டு தரம், இடம் கிடைக்கேல்ல எண்டு போடுறன். டிஸ்ட்ரிக்ட் கட்-ஒஃப்பையும் போடவோ? அதுவும் உண்மைதானே.”

“போடு,” என்றார் தியாகலிங்கம். “அந்த எஃபையும் போடு.”

அவள் தட்டினாள். அடுத்த பெட்டிக்கு வந்தாள். “அம்மா, உங்களுக்கு? ஏ லெவல் வரைக்கும் எண்டு மட்டும் போடவோ?”

கமலாம்பிகை மேசை விரிப்பின் ஓரத்தை நீவிவிட்டாள்.

“தொண்ணூற்றைஞ்சாம் ஆண்டு முதல் தரம் எழுதினனான். அந்த வருஷத்துச் சண்டையில ஒழுங்காப் படிக்கேலாமப் போச்சு, புள்ளி போதாமப் போட்டுது. அடுத்த வருஷம் கொழும்பில நிண்டு திரும்ப எழுத இருந்தனான். அனுமதி அட்டையும் வந்திட்டுது. அப்பதான் கனடாச் சம்பந்தம் வந்தது. உன்ர அம்மப்பா சொன்னார், கம்பசுக்குப் போன மாப்பிளை கிடைச்சிருக்கு, இனி நீ சோதனை எழுதி என்ன செய்யப்போறாய் எண்டு.” அவள் தியாகலிங்கத்தின் பக்கம் திரும்பவேயில்லை. “எனக்கும் அது சரியெண்டுதான் பட்டது. ஒரு வீட்டுக்கு ஒரு ஆள் படிச்சாக் காணும் எண்டு நினைச்சன்.”

தியாகலிங்கம் கேட்டுக்கொண்டு நின்றார். தன்னுடைய சோதனையைப் பற்றி இந்த மனிதர் ஊரெல்லாம் பேசியிருக்கிறார். அவள் எத்தனை தரம் எழுதினாள், இன்னொரு தரம் எழுத ஆசைப்பட்டாளா என்று இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு தரம் கேட்டதில்லை.

“எழுது,” என்றாள் கமலாம்பிகை. “அம்மா ரெண்டாந்தரம் எழுத இருந்தவ. கம்பசுக்குப் போன மாப்பிளை கிடைச்சதால எழுதேல்ல. அப்பிடியே போடு.”

தனுஷிகாவின் விரல்கள் எழுத்துகளின் மேல் அசையாமல் நின்றன. அவள் அப்பாவைப் பார்த்தாள்.

“எழுது பிள்ளை,” என்றார் தியாகலிங்கம். “அம்மா சொன்னபடியே எழுது.”

அவள் எழுதினாள். பிறகு கையெழுத்துப் பக்கத்தை அச்செடுத்து வந்து மேசையில் வைத்தாள். கமலாம்பிகை இரண்டு தரம் வாசித்துவிட்டுத் தன் பெயருக்கு நேரே கையெழுத்திட்டாள். பேனாவை அவரிடம் நீட்டவில்லை. தாளின் மேல் வைத்துவிட்டு எழும்பிப் போய், விட்ட இடத்திலிருந்து லீக்ஸ் வெட்டத் தொடங்கினாள். தியாகலிங்கம் கோட்டோடு கதிரையில் இருந்து, பேனாவை எடுத்து, அவளுடைய பெயருக்குக் கீழே தன்னுடையதை எழுதினார்.